பேப்பர் போடும் முன் ஒரு வார்த்தை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது பின்னால் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கூட இருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாதென்று பாத்ரூமுக்குள் நின்று பேசுகிறாய் என்று புரிந்தது. ஆபீஸில் உன் மேலதிகாரி தப்பாக நடந்துகொள்வதைச் சொல்லிவிட்டு, "ராஜினாமா பேப்பர் போட்டுட்டு வந்துடறேம்மா" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1994இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போடும் வேலை பார்த்தேன். பில் சரிபார்க்கிற சாக்கில் மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார், தோளில் கை வைப்பார். ஒருநாள் சாயங்காலம் கிளம்பி வந்தவள் அப்புறம் போகவே இல்லை. அந்த மாதச் சம்பளமும் போச்சு, டிராயரில் இருந்த டிபன் பாக்ஸும் போச்சு. வீட்டில் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன். வேலையை விட்டதில் வருத்தமில்லை. வாய் திறக்காமல் வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது, எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் எந்தப் பெண் உட்கார்ந்தாளோ.

வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததே 1997இல்தான். உனக்கு அதற்கென்றே 2013ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. தெரிந்த வக்கீலம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடமென்றாலே புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்கவேண்டும், தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும், அதனால் தேதியை எண்ணிப் பார். விசாரணை முடியும்வரை உன் மேலதிகாரியையோ உன்னையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், உன் அப்ரைசலை அவன் எழுதக்கூடாது என்று கேட்கலாம், மூன்று மாதம்வரை லீவும் கேட்கலாம், அது உன் கணக்கு லீவில் கழியாது. வேலையை விட்ட பிறகும் புகார் கொடுக்கலாமாம்! அது எனக்கே புதுசு.

குழு நியாயமாக நடக்கும் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. சாட்சி சொல்கிறேன் என்ற தோழி கடைசி நேரத்தில் பின்வாங்கலாம். உன்னால் தாங்க முடியவில்லை என்றால் வந்துவிடு, ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கமாட்டோம். ஆனால் இன்றைக்கு ராத்திரியே நடந்ததையெல்லாம் தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதோடு எழுதி வை. அவன் அனுப்பிய மெசேஜை அழிக்காதே, ஆபீஸ் லேப்டாப்பிலும் வைக்காதே.

சனிக்கிழமை கோவை எக்ஸ்பிரஸில் வருகிறேன். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே, சாமி.

அம்மா