வங்கியில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

என் கணவரால் நான் காயப்பட்டதற்காக அரசு தருகிற இழப்பீட்டுப் பணம் கணக்கில் ஏறிவிட்டது. அம்மாவின் போனுக்கு நேற்று குறுஞ்செய்தி வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். நடந்தது உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லாமல் தூக்கம் வராது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வங்கி மேடத்துக்கு. இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு மனு கொடுக்க பாஸ்புக் நகல் கேட்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் திறந்த கணக்கு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. முதல் பக்கம் தேய்ந்துபோயிருந்ததால் புதிதாகப் பதிந்து வாங்கலாம் என்று போனேன். அவர் திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வலது கையில் போட்டிருந்த காயக்கட்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவருக்குக் கேட்காத குரலில், "இதுல இருக்கிற போன் நம்பர் யாருதும்மா?" என்றார்.

என் கணவருடையது. ஏ.டி.எம். கார்டும் அவரிடம்தான். நாமினியும் அவரே. பணம் ஏறியிருந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று அலைந்ததில் வேறு யாருக்கும் தோன்றாத விஷயம் அது.

என்ன நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவுன்டருக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு, வரிசையில் நிற்பவர்களுக்கு முகம் தெரியாதபடி என்னை உட்கார வைத்தார். என் பெயரில் மட்டும் புதுக் கணக்கு, அம்மாவின் போன் எண், நாமினியாக அம்மா. படிவம் முழுவதையும் அவரே நிரப்பினார். வலது கையால் பேனா பிடிக்க முடியாது. அதனால் இடது பெருவிரலை மையில் ஒற்றி, கேட்ட இடங்களில் எல்லாம் ரேகை எடுத்து, சாட்சிக்கு உடன் வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டார். கடைசியில் பஞ்சை நனைத்து என் விரலில் இருந்த மையைத் துடைத்துவிட்டார். அந்த நாட்களில் என் கையைத் தொட்டவர்கள் எல்லோரும் காயத்தைப் பார்க்கத்தான் தொட்டார்கள். அவர் தொட்டது வேறு மாதிரி இருந்தது.

அப்புறம் மற்றவர்கள். ஒரு காயத்தையும் விடாமல் காயச் சான்றிதழில் எழுதிய டாக்டர், முதல் தகவல் அறிக்கையின் நகலை அன்றே கையில் கொடுத்த பெண் எஸ்.ஐ., பெண்கள் உதவி எண் 181-இல் நடுராத்திரி பொறுமையாகப் பேசியவர், குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவுகிற பாதுகாப்பு அலுவலர், ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் கூட இருந்த சித்தி, அத்தை, தெருக்காரர்கள். உங்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவள்.

ஒரு பைசா வாங்காத சட்ட உதவி வக்கீல் அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்தால்தான் பணம் வரும், அதற்குப் பல வருடம் ஆகும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர்தான் புரிய வைத்தார். குடும்ப வன்முறைச் சட்டத்தில் கேட்கிற தொகை கணவர் தர வேண்டியது. இது அரசு தருவது, வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றம் செய்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் மனு போடலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவிலேயே இருந்ததாம். புதுச் சட்டத்தில் அது 396ஆம் பிரிவு. மனு மீதான விசாரணையை 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மருத்துவச் செலவுக்குத் தவிக்கிறவர்கள் இடைக்கால நிவாரணமும் கேட்கலாம்.

2018-இல் வந்த பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தின்படி, தொகையில் 75 சதவீதம் குறைந்தது 3 வருடம் வைப்புநிதியில் இருக்கும். 25 சதவீதத்தைத்தான் உடனே எடுக்கலாம். வீட்டு அட்வான்ஸ், பிசியோதெரபி என்று நிற்கிறவளுக்கு அது போதாது, உண்மைதான். அவசரத் தேவை என்றால் ஆணைக்குழுவிடம் கேட்டு எடுக்க வழி இருக்கிறது. ஆனாலும் கெஞ்சியோ மிரட்டியோ யாரும் மொத்தத்தையும் என்னிடமிருந்து வாங்கிவிட முடியாது என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. இந்தப் பணத்தால் எதுவும் பழையபடி ஆகாது. ஆனால் உனக்கு நடந்தது குற்றம்தான் என்று அரசாங்கமே எழுத்தில் ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லாதே என்று எத்தனை வாயால் கேட்டிருப்பேன்!

கொஞ்சம் தேறியதும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கப் போகிறேன். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிற பெண்ணுக்குப் படிவம் நிரப்பித் தருவேன். பாஸ்புக்கை வாங்கி எந்தப் போன் எண் என்று பார்ப்பேன். அதுவரை யாருக்காவது தேவைப்பட்டால் 15100-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், இலவச சட்ட உதவி எண் அது.

வங்கி மேடம், உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. என் விரல்கள் இப்போது மடங்க ஆரம்பித்திருக்கின்றன. கணக்கில் ரேகைக்குப் பதிலாகக் கையெழுத்தை மாற்ற வேண்டும், அதற்கு உங்கள் கவுன்டருக்குத்தான் வருவேன்.