எந்த பாக்டீரியா என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாக்டீரியாவிலிருந்து துணிச்சாயம் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த எங்களுக்கு மாற்றுச் சாயத்தின் மேல் ஆசை வருவது நியாயம்தான். ஆனால், பள்ளி மாணவர்கள் வீட்டிலேயே வளர்த்துப் பார்க்கலாம் என்று கடைசியில் எழுதியிருந்தது என்னைத் தூங்கவிடவில்லை.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கட்டுரை சொல்லும் செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா, கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் ரத்தச் சிவப்பாகப் படர்வது அப்படியொரு அழகு. அந்த நிறமிக்குப் பெயர் புரோடிஜியோசின். பட்டிலும் கம்பளியிலும் நன்றாகப் பிடிக்கும். வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

இந்தக் கிருமியை வெகுகாலம் சாது என்றே நம்பினார்கள். காற்றில் கிருமி எப்படிப் பரவும் என்று பார்க்க, 1950இல் அமெரிக்கக் கடற்படை இதைத்தான் சான்பிரான்சிஸ்கோ நகரின் மேல் தெளித்தது. நிறத்தை வைத்து எளிதாக அடையாளம் காணலாம் என்பது கணக்கு. அதையடுத்து அங்கே ஒரு மருத்துவமனையில் 11 பேருக்குச் செராஷியா தொற்று வந்தது; ஒருவர் இறந்துபோனார். தெளித்ததால்தான் வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபணமாகவில்லை. ஆனால் குறைமாதக் குழந்தைகளையும் நோயில் தளர்ந்தவர்களையும் இது தாக்கும் என்பதில் இன்று எந்த மருத்துவருக்கும் சந்தேகமில்லை. இன்னொன்று: 30 டிகிரி செல்சியஸில் சிவந்து நிற்கும் இது, நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் பெரும்பாலும் நிறமே இல்லாமல் வளரும். உடம்புக்குள் போய்விட்டால் சிவப்பு காட்டிக்கொடுக்காது.

அதற்காக இந்தத் துறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறமியை உண்டாக்கும் மரபணுவை மட்டும் எடுத்து, ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தீங்கில்லாத ஆய்வக வகைக்குள் வைக்க முடியும். அப்படி ஈ.கோலையிலிருந்து அவுரி நீலம் எடுத்துக் காட்டியது 1983இலேயே நடந்தது. இங்கிலாந்தில் கலரிஃபிக்ஸ் நிறுவனமும் மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கொண்டுதான் துணிக்குச் சாயமேற்றுகிறது. நம் சாயப்பட்டறைக்காரர்கள் இதில் இறங்கினால் மகிழ்ச்சி. எந்த பாக்டீரியா, கழிவுநீரைத் திறந்துவிடும் முன் அதைக் கொன்றாகிவிட்டதா என்ற இரண்டையும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "இயற்கை" என்ற சொல் அதற்கு ஈடாகாது.

வீட்டில் வளர்க்க வேண்டாம் என்று அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். பிள்ளைகளுக்கு நிறம் மாறுவதைக் காட்ட மஞ்சளும் சுண்ணாம்பும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
ஈரோடு.