லேசான காயமடைந்த பெண் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினொரு வாரத்துக்கு முன்பு உங்கள் நாளிதழின் ஏழாம் பக்கக் கீழ் மூலையில் ஒரு செய்தி வந்தது. உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை என்பதால் எடுத்து எழுதுகிறேன்: "கட்டுப்பாட்டை இழந்த கார், எதிரே பெண் ஒருவர் ஓட்டி வந்த கார் மீது எதிர்பாராதவிதமாக மோதியது. இதில் அந்தப் பெண் லேசான காயத்துடன் அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார்."

அந்த அதிர்ஷ்டசாலி நான்தான்.

உயிரோடு இருப்பதே பெரிது, இவள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாளே என்று நினைப்பீர்கள். முப்பது வருஷம் பள்ளியில் இலக்கணம் நடத்தியவள் நான். எழுவாய் எங்கே என்று தேடுவது எனக்கு வியாதி. உங்கள் செய்தியில் கட்டுப்பாட்டை இழந்ததும் கார், மோதியதும் கார். ஓட்டியவர் தோன்றா எழுவாயாக எங்கோ ஒளிந்திருக்கிறார். என் காருக்கு மட்டும் ஆள் உண்டு, அதுவும் 'பெண்' என்ற அடையாளத்தோடு. முழு போதையில் வந்தவருக்குக் காட்டிய கண்ணியத்தில் பாதியை எனக்கும் காட்டி, என் காரும் தானாகவே வந்ததாக எழுதியிருக்கலாம்.

அவர் குடித்திருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று உங்கள் நிருபர் கேட்கலாம். அன்று கேட்கவில்லை, பரவாயில்லை, இன்று சொல்கிறேன். ஏர்பேக் வெடித்த வெள்ளைத் தூசி மூக்கெல்லாம் ஏறியிருந்தது. ஹாரன் சிக்கிக்கொண்டு ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது. மடி நிறையக் கல்லுப்பு மாதிரி கண்ணாடி. சீட் பெல்ட்டை அவிழ்க்கலாம் என்றால் வலக்கை எழவில்லை. எதிர்க் காரிலிருந்து அந்த மனிதர் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கினார். காலில் ஒற்றைச் செருப்பு. குனிந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு இன்னொன்றைத் தேடினார். தேடி எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் என் ஜன்னலுக்கு வந்தார். அவருக்கு முன்னால் வாடை வந்தது. "பார்த்து வரக் கூடாதாம்மா?" என்றார். அப்புறம் போனை எடுத்து யாரிடமோ, "சின்ன இடிதான் மச்சான், ஒண்ணுமில்ல" என்றார்.

மறுநாள் உங்கள் நாளிதழில் 'லேசான காயம்'. இரண்டு பேரும் கலந்து பேசிக்கொண்டீர்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது. காறை எலும்பு முறிவு, முழங்கால் சில்லு மூன்று துண்டு, உள்ளே கம்பி. இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் அடுத்ததற்குப் போகிறேன். லேசான விஷயம்தான்.

'எதிர்பாராதவிதமாக' என்ற சொல்லுக்கு வருகிறேன். குடித்துவிட்டு ஓட்டினால் இடிக்கும் என்பதை எதிர்பாராதவர் யார்? 1897 செப்டம்பரிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற டாக்சி ஓட்டுநர் குடித்துவிட்டு ஒரு கட்டடத்தில் மோதிக் கைதாகியிருக்கிறார். கார் என்ற பொருள் வந்த வேகத்திலேயே இதுவும் வந்துவிட்டது. (அதற்கு முன்பும் வண்டிக்காரர்கள் குடித்தார்கள்தான். ஆனால் மாட்டுக்காவது வீட்டுக்கு வழி தெரியும்.) நார்வே 1936இலேயே ரத்தத்தில் இவ்வளவு மதுவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று சட்டம் போட்டது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், தடுத்திருக்கக்கூடிய இத்தகைய சம்பவங்களை 'விபத்து' என்று எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தது. பத்திரிகை நடத்துகிற நீங்கள் அறியாததா? எனக்குப் படுக்கையில் கிடந்ததால் படிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது பழைய ஆத்திரம் ஒன்றும் கிளம்புகிறது. போன வருஷம் உங்கள் வாராந்திர இணைப்பில், விருந்து முடிந்து கிளம்பும்முன் கடுங்காபி ஒன்று குடித்தால் போதை இறங்கிவிடும் என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். அப்போதே மறுத்து எழுதினேன், நீங்கள் போடவில்லை. மதுவை உடைப்பது ஈரல். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும்; மணிக்கு 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் இறங்கும். காபியோ குளிர்ந்த நீரோ அதை அவசரப்படுத்தாது. காபி குடித்தவர் தூக்கம் தெளிந்த குடிகாரர் ஆவார், அவ்வளவே. இன்னொன்று, மது முதலில் பதம் பார்ப்பது காலை இல்லை, 'நான் நிதானமாக இருக்கிறேனா' என்று எடைபோடுகிற புத்தியை. அதனால்தான் எல்லாரும் நிதானமாகவே சாவியை எடுக்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கை மிதிக்க அரை நொடி பிந்தினால் எட்டு மீட்டர். எனக்கும் அவருக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அந்த 15 மில்லிகிராம் கணக்கு படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவரை ஊதச் சொன்னது இரண்டரை மணி நேரம் கழித்து. அதற்குள் 35 மில்லிகிராமுக்கு மேல் கரைந்திருக்கும். பல நாடுகளில் சட்ட வரம்பே 50தான். கடைசியில் 'வரம்புக்குச் சற்றே மேல்' என்று எழுதினார்கள். சற்றே! எனக்கு லேசாக, அவருக்குச் சற்றே. காப்பீட்டுப் படிவத்திலோ 'விபத்து எவ்வாறு நேர்ந்தது, மூன்று வரிக்குள் எழுதுக' என்று ஒரு கட்டம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "அந்த நேரத்துல நீ ஏம்மா வண்டிய எடுத்த?" என்றார்கள். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வழக்கு முடியாமல் ஒருவரைக் குற்றவாளி என்று எழுத முடியாது என்பீர்கள். நியாயம்தான். 'மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது' என்று ஒரு வரி உங்களிடம் எப்போதும் அச்சுக்கோத்துத் தயாராக இருக்குமே, அதையாவது போட்டிருக்கலாம். கார் கட்டுப்பாட்டை இழந்தது என்பதை மட்டும் எந்த நீதிமன்றம் உறுதி செய்தது?

ஞாயிற்றுக்கிழமை நகைச்சுவைப் பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் அதே ஆள், அதே 'குடிமகன்' சிலேடை. நாட்டின் குடிமகன் என்று பாடத்தில் வந்தால் வகுப்பே சிரிக்கிறது. நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, மோதியது யார் என்று தெரிந்தால் 'காரை ஓட்டியவர் மோதினார்' என்று எழுதுங்கள். மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டுக் கேட்காமல் 'லேசான' என்று எழுதாதீர்கள். சந்தாவை நிறுத்தப்போவதில்லை, பயப்பட வேண்டாம்.

தோள் வலித்ததால் நிறுத்தி நிறுத்தி மூன்று நாளாக எழுதியது இது. இடம் போதாமல் சுருக்குவதானால் ஜார்ஜ் ஸ்மித்தை எடுத்துவிடுங்கள். செருப்பை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
எதிரே கார் ஓட்டி வந்த பெண்