அரசாணையைத் தொட்டால் அரசாணை வரட்டும்

தமிழ்ச் செய்தித் தளங்களின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

"இது தொடர்பாகப் பள்ளிக் கல்வித் துறை அரசாணை வெளியிட்டுள்ளது" என்று எழுதுகிறீர்கள். அதில் 'அரசாணை' என்ற சொல் மட்டும் நீல நிறத்தில் இருக்கிறது. ஆணையையே படித்துவிடலாம் என்று தொட்டால், உங்கள் தளத்தில் 'அரசாணை' என்று குறிச்சொல் போட்ட பழைய செய்திகள் வரிசை கட்டி நிற்கின்றன. நான் கேட்ட ஆணை அதில் இல்லை. பின்னால் வந்தால் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறுகிறது. விட்ட இடத்தைக் கண்டுபிடித்து இரண்டு பத்தி தாண்டுவதற்குள் 'இதையும் படிக்க' என்று யாரோ ஒரு நடிகரின் திருமணச் செய்தி குறுக்கே விழுகிறது.

வெளியே இணைப்பு கொடுத்தால் வாசகர் போய்விடுவார் என்று நினைக்கிறீர்கள் போலும். ஆணை வேண்டும் என்பவர் இப்போதும் போகத்தான் செய்கிறார். கூகுளில் தேடி, ஏதோ ஒரு சங்கத்தின் பக்கத்தில் அதைக் கண்டெடுத்து, அடுத்த முறை நேரே அங்கேயே போய்விடுகிறார்.

இணைப்பு அதிகமானால் படிப்பவரின் கவனம் சிதறும் என்பது உண்மைதான். அதற்கு வழியும் நம்மிடம் பழையது. உ.வே.சா. பதிப்பித்த புறநானூற்றைப் புரட்டிப் பாருங்கள். இந்த அடியை எந்த உரையாசிரியர் எங்கே மேற்கோள் காட்டினார் என்பதெல்லாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் கிடக்கும். பாட்டு மட்டும் போதும் என்பவர் மேலேயே இருந்துவிடலாம். தமிழ் விக்கிப்பீடியாவிலும் 'வெளி இணைப்புகள்' கட்டுரையின் கடைசியில்தான். செய்தியிலும் சான்று ஆவணங்களைக் கடைசியில் இரண்டு வரியில் தரலாம். நடுவில் கட்டாயம் வேண்டுமென்றால் வாக்கியம் முடியும் இடத்தில் வையுங்கள், பாதி வாக்கியத்தில் வேண்டாம்.

'இங்கே கிளிக் செய்யவும்' என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பார்வையற்றவர்கள் பலர் என்.வி.டி.ஏ. என்ற, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் இலவசத் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். அதில் இன்சர்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள் மட்டும் பட்டியலாக வரும். உங்கள் பக்கத்தில் வருவது 'இங்கே', 'இங்கே', 'இங்கே'. எந்த 'இங்கே' எங்கே போகிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 'தீர்ப்பின் முழு வடிவம், ஆங்கிலம், பி.டி.எஃப்.' என்று எழுதிவிட்டால் அவருக்கும் புரியும், மாத டேட்டா தீரப்போகிறதே என்று பார்க்கிற எனக்கும் புரியும்.

இன்னொன்று, இணைப்புகள் செத்துப்போகின்றன. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் காணாமல் போயிருந்ததாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. நம் அரசுத் தளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தளத்தைப் புதுப்பித்தால் பழைய முகவரி போய்விடும். ஆகவே இணைப்போடு நிறுத்தாமல் அரசாணை எண், நாள், துறை மூன்றையும் செய்தியிலேயே எழுதுங்கள். உச்ச நீதிமன்றம் 2023 முதல் தன் தீர்ப்புகளுக்குப் பொது மேற்கோள் எண் கொடுக்கிறது. ஆண்டு, 'ஐ.என்.எஸ்.சி.', ஓர் எண், அவ்வளவுதான். அரை வரி இடம் பிடிக்கும். முகவரி மாறினாலும் அந்த எண்ணை வைத்து எவரும் தேடி எடுத்துவிடலாம். முடிந்தால் இணைக்கும் பக்கத்தை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள், காசு கிடையாது.

காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் இணைப்புகளை விளம்பரம் என்று சொல்லிவிடுங்கள். இதை விளக்கவே வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் புதிதாக ஆள் எடுக்க வேண்டாம். ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதானே உங்கள் நிருபர் செய்தி எழுதுகிறார்? அதன் எண்ணையும் முகவரியையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். சொற்களைத் தானாகவே குறிச்சொல் பக்கத்துக்கு இணைக்கும் ஏற்பாடு உங்கள் தளத்தில் இருந்தால், அதை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று தொழில்நுட்பக் குழுவிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் தளங்களைப் படிக்கும் வாசகர்