ஐந்தொகையில் ஏறாத பற்று

அன்புடையீர்,

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆண்டு முடிவில் பற்று வரவை நேர்செய்து ஐந்தொகை போடும்போது ஒரு ரூபாய் உதைத்தாலும் விளக்கை அணைக்க மாட்டார், சோறும் இறங்காது என்று அப்பத்தா சொல்வார். ஐயா 1986-இல் வாங்கிய எஸ்டி (Yezdi) 250 மோட்டார் சைக்கிளைச் சென்ற மாதம் நான் மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தேன். பதினான்கு மாத வேலை. பரம்பரைப் பழக்கம் போகுமா, நானும் நோட்டுப் போட்டுப் பற்று வரவு எழுதினேன். மொத்தச் செலவு 31,640 ரூபாய். எத்தனை முறை கூட்டினாலும் கணக்கு உதைக்கிறது. இந்தப் பணத்துக்கு இந்த வண்டி ஓடவே கூடாது. நோட்டில் ஏறாத மிச்சமெல்லாம் நீங்கள் போட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பெயர் போடக் கூடாது என்று உங்களில் பாதிப் பேர் கண்டித்துச் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் அது வேறு வம்பு. ஆகவே யார் பெயரும் இல்லை. படிக்கிறபோது அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஐயா வேலை பார்த்த செட்டியார் வீட்டு ஆச்சி. ஐயா 2008-இல் இறந்த பிறகு வண்டி உங்கள் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையிலேயே நின்றது. எங்கள் வீட்டில் அதை நிறுத்த இடமில்லை என்பதை நாங்கள் சொல்லாமலே தெரிந்துகொண்டீர்கள். நீங்கள் சென்னையிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போகிறவர். ஒரு முறை கொட்டகையை ஒழித்தபோது, பழைய சாமான் எடுக்க வந்த வியாபாரி வண்டியையும் விலை கேட்டாராம். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போன எத்தனையோ தூண்களோடும் கதவுகளோடும் அதுவும் போயிருக்கும். இந்நேரம் ஏதாவது உணவகத்து வாசலில் பூந்தொட்டிக்கு முட்டாக நின்றிருக்கும். “அது கணக்குப்பிள்ளை வண்டி, எங்களுடையது அன்று” என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். காவலுக்கு இருக்கும் அண்ணன்தான் இதை எனக்குச் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை.

வண்டி இருந்த நிலையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. இரண்டு சைலன்ஸரில் ஒன்றைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டேங்கைக் குலுக்கினால் கிலுகிலுப்பை போலத் துரு உருண்டது. நம் ஊர் காய்ந்த பூமியாக இருப்பதால் சேஸிஸ் மட்டும் தப்பியது. கடலோர ஊராக இருந்தால் அதுவும் கரைந்திருக்கும்.

அடுத்து மெக்கானிக் ஐயா. காரைக்குடியில் ஒரு காலத்தில் ஜாவா, எஸ்டி என்றால் உங்களிடம்தான் வரவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வந்தபோது பட்டறை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரை உங்கள் கண்ணைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. “நான் ஸ்பானர் பிடிக்க மாட்டேன். நீ பிரி, நான் கேட்கிறேன்” என்றீர்கள். நீங்கள் ஏதோ மனம் வெறுத்துச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். உண்மையிலேயே காதால் கேட்பதைத்தான் சொன்னீர்கள் என்பது பிறகு விளங்கியது.

எஸ்டியில் கியர் போடுகிற லீவரே கிக்கரும் என்பதுகூட எனக்கு அன்று தெரியாது. கிக்கர் எங்கே என்று கேட்டுவிட்டேன். நான்காண்டு மெக்கானிக்கல் படிப்பில் மூன்றாவது ஆண்டு மாணவன் கேட்ட கேள்வி அது. லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பிக் காட்டினீர்கள், திட்டவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி. எங்கள் கல்லூரிச் செயல்முறைத் தேர்வில் இப்படிக் கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

எஞ்சினில் பொறியை வரவைக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் என்பதைப் புத்தகமும் சொல்லும். பாயிண்ட் எந்த நொடியில் திறக்கிறது என்பதைப் பிடிக்க, சிகரெட் தாளை ஒரு கீற்றுக் கிழித்து இடையில் கொடுத்து, மெல்ல இழுத்துக்கொண்டே கிராங்கைத் திருப்பச் சொன்னீர்கள். தாள் எங்கே நழுவுகிறதோ அங்கே பொறி. அளவுக் கருவி வாங்க என்னிடம் பணம் இல்லை என்று தெரிந்துதான் தாளைச் சொன்னீர்களா, எப்போதுமே தாள்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சமையல் மேஸ்திரி அண்ணே, முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாற என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள். ஒரு கல்யாணத்துக்கு 500 ரூபாய். நாளடைவில் எனக்கு ரூபாய்க் கணக்கே மறந்து கல்யாணக் கணக்கு வந்துவிட்டது. இரண்டு டயர் ஏழு கல்யாணம். கிளட்ச் பிளேட் இரண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும். ஆடி மாதம் முழுவதும் வண்டி அப்படியே கிடந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை என்பதை என் அப்பா இப்போதாவது நம்ப வேண்டும். பந்தி முடிந்ததும் கந்தரப்பத்தையும் மாவுருண்டையையும் கொட்டானில் போட்டு, “மெக்கானிக் ஐயாவுக்குக் கொண்டு போ” என்று நீங்கள் கொடுத்ததை அவர் சர்க்கரையைக் காரணம் காட்டி என்னிடமே தள்ளிவிட்டார். முழுவதையும் தள்ளிவிட்டார் என்று சொன்னால் பொய்.

டேங்க் துருவுக்கு வருகிறேன். அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்று பலர் சொன்னார்கள். தகடு ஓட்டையாகிப் போன கதைகளையும் அவர்களே சொன்னார்கள். எதிர்த்தெருப் பெரியவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேங்கைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். சலவை சோடா கரைத்த தண்ணீரை டேங்க் நிறைய ஊற்றி, நடுவில் தகட்டைத் தொடாமல் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்கிலும் பாசிட்டிவைக் கம்பியிலும் கொடுக்கச் சொன்னார். தகட்டின் மேலிருக்கும் துரு தளர்ந்து உதிரும், இரும்புக்கு ஒன்றும் ஆகாது. எவர்சில்வர் கம்பி போடாதே, அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும் என்றார். ஹைட்ரஜன் கிளம்பும், ஆகவே திறந்த வெளி, பக்கத்தில் பீடி கூடாது என்றார். இவ்வளவு சொல்லியும் முதல் நாள் நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, “தம்பி, நீ துருவை எடுக்கவில்லை, டேங்கைக் கரைத்துக்கொண்டிருக்கிறாய்” என்றார். பத்து நிமிடத்தில் பிழைத்தது டேங்க்.

மாமா, இரண்டு இரவும் நீங்கள் எழுந்து வந்து குமிழி வருகிறதா என்று பார்த்ததை நான் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு பார்த்தேன். “எங்கள் நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, நேரு 1948-இல் வந்து அடிக்கல் நாட்டியது எதற்கு என்று நினைத்தாய், உன் டேங்கைக் கழுவத்தான்” என்று சொன்னீர்களே, அதை எங்கள் கல்லூரி முழுவதும் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகும் மூலைகளில் ஒட்டிக்கொண்டிருந்த கறையை எடுத்தது அப்பத்தா. குத்துவிளக்குத் துலக்க வைத்திருந்த பழம்புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு பிடி கூழாங்கல்லும் போட்டுக் குலுக்கு என்றார். மாமா அதைப் பார்த்துவிட்டு, டார்டாரிக் அமிலம், சரிதான் என்று தலையாட்டினார். அப்பத்தாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. புளியை எதற்கு அப்படித் திட்டுகிறார் என்று கேட்டார்.

இனி என் பிழை. ஒன்பதாவது மாதம் எஞ்சின் கூடியது. லேத் பட்டறை அண்ணன் சிலிண்டரை 0.50 போர் போட்டு, அதாவது உள்விட்டத்தை 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, தந்திருந்தார். கிளம்பியது. கோட்டையூர் தாண்டுவதற்குள் கடகடவென்று சத்தம், நின்றுவிட்டது. டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்துக்குள் ஒரு குட்டி ஊசி இருக்கும். ரிங்கின் இரு முனையும் அந்த ஊசியைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் ரிங் சுற்றிப் போய், முனை சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் என்னும் துளையில் மாட்டி ஒடியும். கீழ் ரிங்கை நான் ஊசியில் நிறுத்தாமல் அடித்து இறக்கியிருந்தேன். உடைந்த துண்டு சிலிண்டரைக் கீறிவிட்டது. புதுப் பிஸ்டன், 0.75 போர். ஒரு சிலிண்டருக்கு இத்தனை போர் என்றுதான் ஆயுள். அதில் ஒன்றை என் அவசரம் தின்றுவிட்டது. இரண்டாவது போருக்கு லேத் அண்ணன் கூலி வாங்கவில்லை. “கெடுத்தது நீ, சிலிண்டர் என்ன பாவம் செய்தது” என்றார். என்னைத் தேற்றிய மாதிரியும் இருந்தது, செவிட்டில் ஒன்று விட்ட மாதிரியும் இருந்தது.

அதன் பிறகும் வண்டி ஒழுங்காக நிற்கவில்லை. ஐடிலிங்கில் தானாகவே வேகம் ஏறும், பிறகு அணையும். கார்புரேட்டரை நான்கு முறை கழற்றி மாட்டினேன். மெக்கானிக் ஐயா, இரவு ஒன்பது மணிக்கு உங்களுக்குப் போன் போட்டு, எஞ்சின் பக்கத்தில் போனைப் பிடித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. “டைனமோ பக்கம் கிராங்க் சீல். ஆயில் தொடாமல் காய்ந்த சீலைச் சொருகினாயா?” என்றீர்கள். சொருகியிருந்தேன். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்ப். அங்கே சீல் வாய் கிழிந்தால் வேண்டாத காற்று உள்ளே போகும், கலவை மெலியும். புகை வாடையும் கூடியிருந்தால் எதிர்ப்பக்கச் சீல், கியர் ஆயிலை உறிஞ்சுகிறது என்று பொருள் என்றும் அப்போதே சொன்னீர்கள். அறுபது ரூபாய் சீல். மறுநாள் மாலை வண்டி குழந்தை மாதிரி நின்றது.

ரிம் கோட்டம் எடுத்து, உதிரிச் சக்கரத்திலிருந்து பதினொரு ஸ்போக்ஸ் பிடுங்கிக் கொடுத்த சைக்கிள் கடைக்காரருக்கும், பரீட்சை வாரத்தில் வயரிங் மாட்டிக் கொடுத்துவிட்டுத் தானே அரியர் வைத்துக்கொண்ட விடுதி நண்பனுக்கும், வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25 என்று எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்று எழுதிக் கொடுத்த தேநீர்க் கடை அண்ணனுக்கும் நன்றி. சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது எழுத்து ஒவ்வொன்றாக வெளுப்பாய் மேலே வந்தது; அன்று எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

குரோம் பூச்சு புதிதாகப் போடவில்லை. பத்துக் கல்யாணத்துக்கு மேல் ஆகும் என்பது ஒரு காரணம். சைலன்ஸரில் இருக்கும் புள்ளிகள் ஐயா ஓட்டிய மழையில் வந்தவை என்பது இன்னொன்று. பளபளவென்று மாற்றிவிட்டால் அது அவர் வண்டியாக இருக்காது என்பது என் பிடிவாதம். நண்பர்கள் இதைக் கஞ்சத்தனம் என்கிறார்கள். டேங்க்குக்கு மட்டும் பழைய கருஞ்சிவப்பு. அதன் மேல் தங்கநிறக் கோட்டை இழுத்தவர் போர்டு எழுதும் ஓவியர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை எடுத்தே வெகுநாளாகிவிட்டது என்றவர், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இரண்டு பக்கமும் இழுத்தார். டேப் ஒட்டவில்லை. இடப்பக்கக் கோடு ஓரிடத்தில் நூலளவு அசைந்திருக்கிறது. அழித்துப் போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கூலியாகக் குன்றக்குடி வரை பின்னால் உட்கார்ந்து போய்வர வேண்டும் என்றார். போய்வந்தோம்.

மெக்கானிக் ஐயா, வண்டியை ஓட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். வண்டியை நிறுத்தியதும் டேங்கைத் தடவினீர்கள், சைலன்ஸர் இரண்டிலும் கை வைத்துச் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தீர்கள். “லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில், மறக்காதே” என்றீர்கள். மறுபடி உதைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். காபி குடித்துவிட்டுப் போ என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

கிளட்சைக் கழற்றுவதற்கான இழுவைக் கருவியை லேத் அண்ணன் கழிவு இரும்பில் கடைந்து கொடுத்தார். எனக்கு இனிப் பல ஆண்டுகளுக்கு அது தேவைப்படாது. எங்கள் வீட்டு நடையில் ஆணியில் தொங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் ஜாவா, எஸ்டி பிரிக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம். நான் கல்லூரிக்குப் போயிருந்தாலும் அப்பத்தா இருப்பார். எடுத்த தேதியைப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவையும் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
கணக்குப்பிள்ளை பேரன்
பள்ளத்தூர்