அந்தத் தூளை நிறுத்து

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. தீபாவளிக்கு வந்தபோது கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் தின்று ஏறிய எடைக்காக, கொழுப்பைக் கரைக்கும் தூள் வாங்கிக் குடிக்கிறாயாம். நான் கோபப்பட்டுப் போனை வைத்திருக்கக் கூடாது. உயிரியல் டீச்சராக இருந்தவள், விளக்கியிருக்க வேண்டும்.

கொழுப்பு செல்லுக்குள் பெரிதாக ஒரு கொழுப்புத் துளி இருக்கும். அதிலுள்ளது டிரைகிளிசரைடு, அதாவது ஒரு கிளிசராலோடு சேர்ந்த மூன்று கொழுப்பு அமிலங்கள். அப்படியே அது செல்லை விட்டு வெளியேறாது, உடைத்தாக வேண்டும். துளியைச் சுற்றிப் பெரிலிபின் என்ற புரதம் காவல் இருக்கிறது. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், உடைக்கிற வேலை அடங்கிவிடும். வயிறு காலியாகி இன்சுலின் இறங்கினாலோ, நீ வேகமாக நடந்தாலோ, நரம்பிலிருந்து வரும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் செல்லைத் தட்டும். பெரிலிபின் வழிவிடும். மூன்று நொதிகள் வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் ஓர் அமிலத்தைக் கழற்றும். இதில் முதல் நொதியை 2004-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இரண்டாவதைத்தான் முதல் என்று சொல்லிக்கொடுத்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

கிளிசரால் கல்லீரலுக்குப் போய்ச் சர்க்கரையாகும். அமிலங்கள் ரத்தத்தில் கரையாது, ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் அவற்றைச் சுமந்து போகும். இதயமும் தசையும் அவற்றை எரித்துக்கொள்ளும்.

சரி, எரிக்க ஆளில்லாவிட்டால்? நம் அப்பத்தா காலையில் சாமான் அறையைத் திறந்து அரிசியைப் படியால் அளந்து வைப்பார்கள். உலை வைக்காத அன்று அத்தனையும் சாயங்காலம் திரும்ப உள்ளே போகும். உடம்பிலும் அதேதான். மிஞ்சிய அமிலம் மறுபடி டிரைகிளிசரைடாகிக் கொழுப்பு செல்லுக்கே திரும்பும், கொஞ்சம் கல்லீரலிலும் தங்கும். காபியில் இருக்கிற காஃபீன் கொழுப்பு செல்லின் கதவைக் கொஞ்சம் திறந்துவிடும், அவ்வளவுதான். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவளுக்கு உலை எங்கே எரிகிறது?

உன் தூளிலும் காஃபீன்தான் அதிகம் இருக்கும் என்று பயப்படுகிறேன். இன்றோடு நிறுத்து. ராத்திரி சாப்பாட்டை விடாதே, கொஞ்சமாகவாவது சாப்பிடு, அப்புறம் அரை மணி நேரம் நட. படபடப்பு நாளைக்கும் இருந்தால் லீவு போட்டு டாக்டரைப் பார். டப்பாவின் லேபிளைப் படமெடுத்து இப்போதே அனுப்பு, அப்பச்சியும் நானும் முழித்திருக்கிறோம்.

ஆத்தா