பச்சைக் குழந்தைக்கும் ஒலிவ் எண்ணெயா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மகளிர் பக்கத்தில், "ஒலிவ் எண்ணெய் இயற்கையானது, பச்சைக் குழந்தை தொடங்கி எல்லாருடைய தோலுக்கும் பொருந்தும்" என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவருக்கு அது ஒரு வரிதான். எங்கள் வீட்டில் அது மூன்று கிழமை நித்திரை.

ஏனென்றால் இதே குறிப்பு போன வருடமும் வேறு படத்தோடு வந்தது, உங்களுக்கு மறந்திருக்காது. திருகோணமலையில் கச்சான் காற்று தொடங்கி ஊரே உதடு வெடித்துக் கிடந்த நேரம். பேரனுக்கு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான். மருமகள் குறிப்பை வெட்டி வைத்துக்கொண்டு, "மாமி, பேப்பரிலேயே போட்டிருக்கு" என்று காலையும் மாலையும் பூசினாள். நான் வாய் திறக்கவில்லை, மாமியார் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். பத்து நாளில் தோல் சிவந்து, பிள்ளை இரவெல்லாம் சொறிந்து சொறிந்து அழுதான். தோல் டொக்டர் முதலில் கேட்டதே "என்ன எண்ணெய் பூசினீங்க?" என்றுதான். ஒலிவ் எண்ணெயில் கூடுதலாக இருப்பது ஒலெயிக் அமிலம், அது தோலின் மேற்காப்பைத் தளர்த்திவிடும், கரப்பான் உள்ள பிள்ளைக்கு அந்தக் காப்பு ஏற்கெனவே பலவீனம் என்றார். 2013 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தார் வளர்ந்தவர்களின் கையில் பூசிப் பார்த்து, ஒலிவ் எண்ணெய் அந்தக் காப்பைக் கெடுத்ததையும் சூரியகாந்தி எண்ணெய் கெடுக்காததையும் எழுதியிருக்கிறார்கள். பத்திரிகை நடத்தும் உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

அடுத்த வரி இன்னும் அழகு. "பிசுபிசுக்கும் தேங்காய் எண்ணெயை மறந்துவிடுங்கள்." தேங்காய் விற்கிற விலைக்கு நாங்கள் தானாகவே மறந்துகொண்டுதான் இருக்கிறோம், நன்றி. தேங்காய் எண்ணெய் எல்லாருக்கும் சரி என்று நான் வாதாட வரவில்லை, பரு வருகிற முகத்துக்கு அதுவும் ஆகாது, என் தங்கை மகளுக்கு ஆகவில்லை. ஆனால் "நம் பாட்டிமார் பூசிய ஒலிவ் எண்ணெய்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஸ்பெயினிலும் இத்தாலியிலும் விளைவது எந்தப் பாட்டியின் வளவில் நின்றது? என் அம்மா பாமசியில் விரல் நீளப் போத்தல் ஒன்று வாங்கி வைத்திருந்தா, காதுக்கு. அவ்வளவுதான்.

வெயிலுக்குப் போகுமுன் முகத்தில் பூசினால் கருக்காதாம்! நிலாவெளிக் கடற்கரையில் ஒரு மத்தியானம் அப்படிப் பூசிக்கொண்டு நின்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த எண்ணெய் வெயிலை மறைக்காது. கொழும்பில் ஏசி அறையில் இருந்து எழுதினால் இப்படித்தான் வரும்.

முந்தி ஒருமுறை எலுமிச்சம்பழச் சாறும் அப்பச்சோடாவும் குழைத்து முகத்தில் பூசச் சொன்னீர்கள். அதற்கும் ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. வெள்ளையாக்கும் கிறீம் விளம்பரத்துக்கு மட்டும் அரைப்பக்கம் எப்போதும் இருக்கிறது, வாசகர் கடிதத்துக்குத்தான் இடமில்லை. முப்பது வருடமாக உங்கள் பேப்பரை வாங்குகிறவள் என்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்கும் கரப்பான் உள்ளவர்களுக்கும் டொக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம், மற்றவர்களும் முதலில் முழங்கையில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள் என்று அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். எந்த ஞாயிறு வரும் என்று தெரிந்தால் நல்லது, வெட்டி மருமகளிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உப்புவெளியில் இருந்து ஓர் அப்பம்மா